பரம்பரைப் புற்றுநோயும் தடுப்பு மாத்திரையும்: எங்கள் குடும்பம் கடந்து வந்த வழி

என் அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அவருடைய அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, 49 வயதில் கர்ப்பப்பையில் வந்தது. இருவரும் இப்போது இல்லை. ஊரில் எல்லோரும் அதைத் தலையெழுத்து என்றார்கள். நாங்களும் அப்படிச் சொல்லித்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பிறகு சித்தப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்து திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தபோது, எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழுந்தது: அடுத்தது நம்மில் யார், அது வராமல் தடுக்க மருந்து ஏதாவது இருக்கிறதா? அந்தக் கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் கிடைக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவானது. அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத செலவு. விவரம் தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தப் பணமும் காலமும் மிஞ்சியிருக்கும். எங்களைப் போன்ற வேறொரு குடும்பத்துக்கு அந்த அரைமணி நேரப் பேச்சாக இது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை; கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவள். இங்கே சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் தாமாக மருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் நான் சந்தித்த மருத்துவர், "உங்களுக்கு முப்பத்தைந்து வயதுதானே ஆகிறது, தொந்தரவு ஏதாவது வந்தால் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை, ஏனென்றால் அப்பாவும் தொந்தரவு வந்த பிறகுதான் போனார். அடுத்து, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கே வந்தார். நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம், இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் நிம்மதி என்று விளக்கி, என் கையிலிருந்தே இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். 28,000 ரூபாய். நாற்பது பக்கத்துக்கு நெருக்கமாக வந்த அறிக்கையில், நோய் உண்டாக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரியும், எங்கள் குடும்ப நோய்களோடு தொடர்பில்லாத வேறொரு மரபணுவில் 'முக்கியத்துவம் உறுதிப்படாத மாற்றம்', அதாவது நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியாத மாற்றம் ஒன்று இருக்கிறது என்று இன்னொரு வரியும் இருந்தன. முதல் வரியைப் படித்து அம்மா கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இரண்டாவது வரியை எனக்கு விளக்க அந்தக் கூடத்தில் யாருமே முன்வரவில்லை. அதைச் சுமந்துகொண்டு நான் ஸ்கேன், மார்பக எம்ஆர்ஐ என்று அலைந்ததில் இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் போனது.

நிலைமை மாறியது வேலூரில் ஒரு மரபியல் ஆலோசகரைச் சந்தித்தபோதுதான். அவர் என் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கும் முன்பே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எங்கள் குடும்ப மரத்தை வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொன்றின் கீழும் நோய் வந்த வயது. மூன்று கறுப்பு வடிவங்கள் ஒரே வரிசையில் அமைந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நோய் வந்தவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போது, நோய் வராத உங்களிடமிருந்து ஏன் தொடங்கினார்கள்?" என்று அவர் கேட்டார். நோயுற்றவரிடம் காரணமான மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தால்தான், மற்றவர்களிடம் அது இல்லை என்ற முடிவுக்கு அர்த்தம் உண்டு. என்ன தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால், அது இல்லாததாகவும் இருக்கலாம், கண்ணில் படாததாகவும் இருக்கலாம்.

சித்தப்பாவின் கட்டியிலிருந்து எடுத்த திசுவை மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். 'பிளாக்' என்று அவர்கள் சொல்லும் அது, தீப்பெட்டியை விடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்துக்குள், பக்கவாட்டில் எண் எழுதப்பட்டு, மஞ்சளாக இருந்தது. அப்பாவின் பிளாக் எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது. சித்தப்பாவின் பிளாக்கில் ஐஹெச்சி என்ற சோதனையைச் செய்தார்கள். செலவு ஏழாயிரம் ரூபாய்க்குள். செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் நேரும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் அந்தத் திசுவில் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. அவற்றில் எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 என்ற இரண்டும் இல்லை. இவை ஜோடியாக இயங்குபவை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதும் நிலைக்காது. ஆகவே பழுது எம்எஸ்ஹெச்2 மரபணுவில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்து, அந்த மரபணுவில் பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்று எம்எல்பிஏ என்ற முறையில் பார்த்தபோது, உண்மையிலேயே ஒரு பகுதி விடுபட்டிருந்தது. எம்எஸ்ஹெச்2இல் இப்படிப்பட்ட பெரிய இழப்புகள் அரிதல்ல என்றும், எழுத்து எழுத்தாக வாசிக்கும் சோதனையில் அவை தப்பிவிடக்கூடும் என்றும் ஆலோசகர் சொன்னார். பிறகு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் என் இரத்தத்தில் தேடினார்கள். ஐயாயிரம் ரூபாய்தான் ஆனது. இருந்தது. 28,000 ரூபாய் அறிக்கை 'இல்லை' என்று சொன்னது எனக்குள் இருந்தது. அன்று எனக்கு வந்தது பயத்தை விடக் கோபம்தான். ஓராண்டுக்கு மேலாக நான், குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபி செய்துகொள்ளாமல் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு வரியை நம்பித்தான்.

எனவே இந்தப் பாதையில் இறங்குபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் புற்றுநோய் வந்து உயிரோடு இருப்பவரிடமிருந்து சோதனையைத் தொடங்குங்கள். பெருங்குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றால், ஐஹெச்சி செய்தார்களா என்று கேளுங்கள்; செய்யாவிட்டால் பிளாக் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதைக் கழித்துவிட வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனையில் பெரிய துண்டுகள் விடுபட்டிருந்தாலும் தெரியுமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். உறுதிப்படாத மாற்றம் என்று அறிக்கையில் இருந்தால், அதை மட்டும் வைத்து எந்த ஸ்கேனுக்கும் எந்த அறுவை சிகிச்சைக்கும் போகாதீர்கள். இவை அனைத்துக்கும் முன்பாக ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த ஆலோசனைக்கு நான் கொடுத்த கட்டணம், எடுத்துக்கொண்ட ஸ்கேன்களில் எதையும் விடக் குறைவு.

எங்கள் குடும்பத்தில் இருப்பதன் பெயர் லிஞ்ச் சிண்ட்ரோம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்டிரட் வார்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருவர், தன் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்து இறந்ததாகவும் தானும் அப்படித்தான் இறப்பேன் என்றும் 1895இல் சொன்னார். அவர் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒமாஹாவைச் சேர்ந்த ஹென்றி லிஞ்ச் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிச் சென்று, இது பரம்பரையாக வருவது என்பதை நிறுவப் போராடினார். 1993, 1994 ஆண்டுகளில் காரணமான மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. அந்தத் தையற்காரப் பெண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் அத்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தன் வீட்டுச் சாவுகளை எண்ணி வைத்திருந்த ஒரு பெண்ணின் பேச்சை ஒரு மருத்துவர் காது கொடுத்துக் கேட்டதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி இது.

புற்றுநோயைத் தடுக்கும் மருந்தைத் தேடுபவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்களை ஏன் நாடி வருகிறார்கள் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. சாதாரண மக்களிடம் ஒரு தடுப்பு மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோருக்கு எப்படியும் நோய் வரப்போவதில்லை. எம்எஸ்ஹெச்2 மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 75 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், சில நூறு பேரிடமே மருந்தின் பலன் தெரிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஆல்பிரட் நூட்சன் 1971இல் கண்விழிப் புற்றுநோயை ஆராய்ந்து முன்வைத்த கருத்துப்படி, இப்படிப்பட்ட மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. மற்றவர்களுக்கு இரண்டும் வாழ்நாளில் பழுதடைய வேண்டும், எங்களுக்கு ஒன்று பிறக்கும்போதே பழுது. அதாவது, புற்றுநோயின் முதல் அடி எது என்பது எங்கள் உடலில் தெளிவாகத் தெரிகிறது. அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் குறுக்கே நிற்கக்கூடிய மருந்து எது என்று தேடுவதுதான் இந்த ஆராய்ச்சி.

ஆனால் ஒரு சோதனையில் வென்ற மருந்து இன்னொன்றிலும் வெல்லும் என்று சொல்ல முடியாது. ஏபிசி என்ற மரபணுவின் பழுதால் பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் என்ற சிறு சதை வளர்ச்சிகள் முளைக்கும் எஃப்ஏபி என்ற நோய் இருக்கிறது. மூட்டுவலிக்குக் கொடுக்கும் சுலிண்டாக் மாத்திரையால் அவை சுருங்குகின்றன என்று டென்வரில் 1983இல் கண்டார்கள். 1993இல் 22 பேரிடம் முறையாகச் சோதித்தபோது, ஒன்பது மாதத்தில் பாலிப்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததில் 44 சதவீதமாகக் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் பாலிப்கள் மீண்டும் பெருகின. பாலிப் இன்னும் முளைக்காத இளைஞர்களுக்கு நான்கு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த சோதனை, அது முளைப்பதைத் தடுக்கவில்லை என்று 2002இல் சொன்னது. செலிகாக்சிப் என்ற மருந்துக்கு 1999இல் அமெரிக்காவில் எஃப்ஏபிக்கென்றே அனுமதி கிடைத்தது. 2004இல் வேறொரு சோதனையில் அதே மருந்து இதயப் பாதிப்பைக் கூட்டுவது தெரிந்தது. 2011இல் அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனமே எஃப்ஏபிக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்ல செய்தி வந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடுபவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறையாவது படிக்க வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தில் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளலாம். நலமாக இருப்பவர் இருபது முப்பது ஆண்டுகள் விழுங்க வேண்டிய மருந்தில் அது முடியாது.

எங்கள் வீட்டில் இந்தப் பாடம் மஞ்சள் வடிவில் வந்தது. என் சோதனை முடிவு தெரிந்த பிறகு, அம்மாவுக்கு யாரோ மஞ்சள் சாற்று மாத்திரைகளைப் பற்றிச் சொல்லி, மாதம் மூவாயிரம் ரூபாய் வீதம் பல மாதங்கள் வாங்க வைத்தார்கள். "மஞ்சள்தானே, கெடுதல் என்ன?" என்பதுதான் அம்மாவின் வாதம். அவருடைய மனத்தைப் புண்படுத்த எனக்குத் துணிவில்லை, ஆனாலும் தேடிப் படித்தேன். மஞ்சளில் உள்ள குர்குமினை, குவர்செட்டின் என்ற இன்னொரு பொருளோடு சேர்த்து, எஃப்ஏபி நோயாளிகளிடம் முதலில் ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது நம்பிக்கை தரும் விளைவு தெரிந்திருக்கிறது. பிறகு 44 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குர்குமினை மட்டும் நாளொன்றுக்கு 3,000 மில்லிகிராம் வீதம் ஓராண்டு கொடுத்து, மற்றக் குழுவுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி இரு குழுக்களின் பாலிப்களிலும் வேறுபாடு இல்லை. இதை அம்மாவிடம் தமிழில் எழுதிக் காட்டினேன். அவர் அடுத்த மாதம் வாங்கவில்லை. சாம்பாரில் மஞ்சள் வழக்கம்போல இருக்கிறது.

லிஞ்ச் குடும்பங்களுக்கு இதுவரை வலுவான சான்றோடு கிடைத்திருக்கும் மாத்திரை ஆஸ்பிரின்தான். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பர்ன் தலைமையில் நடந்த காப்2 என்ற சோதனையில், லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ள 861 பேர் பல நாடுகளிலிருந்து பங்கேற்றார்கள். 427 பேருக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், 434 பேருக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. சராசரியாக இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். 2008இல் வெளியான முதல் முடிவில் எந்தப் பலனும் தெரியவில்லை. அதோடு கைவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2011இல் வேறுபாடு தெரியத் தொடங்கியது. 2020இல் வெளியான நீண்ட காலக் கணக்கில், ஆஸ்பிரின் குழுவில் 9 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 13 சதவீதம் பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. பாதுகாப்பு உடனே வரவில்லை. மாத்திரை தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டு, நிறுத்திய பிறகும் நீண்ட காலம் நீடித்தது. லிஞ்ச் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆஸ்பிரின் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அதே 2020இல் பரிந்துரைத்தது. எவ்வளவு போதும் என்று அறிய, 100, 300, 600 மில்லிகிராம் அளவுகளை ஒப்பிடும் காப்3 சோதனையும் நடத்தப்பட்டது. முகம் தெரியாத அந்த 861 பேரும், தங்களுக்கு எந்த மாத்திரை கிடைத்தது என்று தெரியாமலே விழுங்கியவர்கள். அவர்களில் பாதிப் பேர் எந்தப் பலனும் இல்லாத மாத்திரையை விழுங்கியதால்தான் எனக்கு இன்று பதில் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் மறுநாளே மாத்திரையைத் தொடங்கவில்லை. குடல்நோய் மருத்துவர் முதலில் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்தார். பிறகு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி வயிற்றில் இருக்கிறதா என்று மூச்சுச் சோதனை செய்தார். நம் ஊரில் பலருக்கும் இருக்கும் கிருமி அது. அது இருக்கும்போது ஆஸ்பிரின் எடுத்தால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும் ஆபத்து கூடும். எனக்கு இருந்தது. இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் எடுத்து, அது போய்விட்டதை மறுசோதனையில் உறுதி செய்த பிறகே ஆஸ்பிரினை எழுதிக் கொடுத்தார். எத்தனை மில்லிகிராம் என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எடை, வயது, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது. அவர் அழுத்திச் சொன்ன ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன்: டெங்கு காய்ச்சல் பரவும் நம் மாநிலத்தில், காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய், இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெங்குவில் ஆஸ்பிரின் இரத்தக்கசிவை மோசமாக்கும். பல் பிடுங்கும் முன்பும், அறுவை சிகிச்சைக்கு முன்பும், கருத்தரிக்க நினைக்கும்போதும் அதேபோல் சொல்ல வேண்டும். மலம் தார் போலக் கறுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

நான் எடுப்பதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் அக்கா, எழுபது வயதைக் கடந்த என் பெரியம்மா, தானும் தினம் ஒன்று போடட்டுமா என்று கேட்டார். எங்கள் அப்பா வழி மரபணு அவரிடம் இருக்க வழியே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கு மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ என்ற சோதனையில், நாள்தோறும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் இரத்தக்கசிவு கூடியது, இறப்பும் சற்றுக் கூடியது என்று 2018இல் வெளியிட்டார்கள். ஒரே மாத்திரை எனக்கு அரணாகவும் பெரியம்மாவுக்கு ஆபத்தாகவும் இருக்கலாம் என்பதை அவருக்குப் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், விலை மிகக் குறைவு என்பதால் இந்த மாத்திரையை நம் மக்கள் மருந்தாகவே நினைப்பதில்லை.

ஆஸ்பிரின் எடுப்பதால் கொலனோஸ்கோபியை விட்டுவிட முடியாது. இதைத்தான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்எஸ்ஹெச்2 மாற்றம் உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை அது தேவை. மாத்திரை தொடங்கிய பிறகு எனக்குச் செய்த பரிசோதனையில், வலப்பக்கத்தில் தட்டையாக ஒரு பாலிப் இருந்தது; அங்கேயே அகற்றினார்கள். திரையில் அதை எனக்குக் காட்டினார்கள்: சுற்றியிருந்த இளஞ்சிவப்பை விடக் கொஞ்சம் வெளிறிய ஒரு திட்டு, கவனிக்காவிட்டால் மடிப்பு என்றே நினைத்துக் கடந்துவிடலாம். குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் இப்படிப்பட்டவை மறைந்துவிடும் என்பதால், முந்தைய நாள் குடிக்கச் சொல்லும் மருந்தை, குமட்டினாலும், சொன்ன அளவில் சொன்ன நேரத்தில் குடித்து முடிப்பது முக்கியம். தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை ஆகிறது. உள்நோயாளியாகச் சேராததால் காப்பீட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது மாதம் ஆயிரம் ரூபாயை இதற்கென்றே தனியாகச் சேர்க்கிறேன். பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோயை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காப்2இல் தெளிவாகத் தெரியவில்லை. என் போன்றவர்களுக்கு அந்த ஆபத்தும் பெருங்குடலுக்கு இணையாக இருக்கிறது. குழந்தைப்பேறு முடிந்த பிறகு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றுவதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். நான் அந்த முடிவை இன்னும் எடுக்கவில்லை. அதை நினைக்கும் இரவுகள் எளிதாக இல்லை.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது உறவினர்களிடம் சொல்வது. அத்தையின் மகனுக்கும் சித்தப்பாவின் மகளுக்கும் திருமணம் பேசி வைத்திருந்தார்கள். முறைதானே என்று இரு வீட்டாருக்கும் மகிழ்ச்சி. ஆலோசகர் அந்தக் குடும்ப மரத்தைப் பார்த்தவுடன் பேனாவை அங்கேதான் வைத்தார். கணவன் மனைவி இருவரிடமும் இந்தப் பழுது இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சிறு வயதிலேயே மூளைக்கட்டியோ இரத்தப் புற்றுநோயோ வரக்கூடும். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நமக்கு இது ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்து இல்லை. இருவரும் சோதனை செய்துகொண்டார்கள். அத்தானுக்கு இல்லை, தங்கைக்கு இருந்தது. அப்படியானால் அந்தப் பெரிய ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் பொருள். ஆனால் அறிக்கை பெரியவர் ஒருவரின் கைக்குப் போய், கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டு, பெண்ணுக்குக் குறை இருக்கிறது என்ற பேச்சாகி, சம்பந்தம் நின்றுபோனது. தங்கை பல மாதங்கள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதனால் சொல்கிறேன்: மரபணுச் சோதனையின் முடிவு சோதனை செய்துகொண்டவரின் சொத்து. அவர் தனியாக, ஆலோசகரின் முன்னிலையில் முதலில் அறிய வேண்டும். யாருக்கு எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். உறவினர்களுக்கு அறிவிக்க ஆலோசகர்களே ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். அதில் யாருடைய முடிவும் இருக்காது, என்ன சோதனையை எங்கே செய்துகொள்ளலாம் என்பது மட்டும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வரப்போவதைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது. லிஞ்ச் உள்ளவர்களின் கட்டிகளில், பிழை திருத்தம் நின்றுபோவதால், டிஎன்ஏவில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஒரே மாதிரியான பிழைகள் பலரிடமும் நேர்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் அந்நியப் புரதத் துண்டுகளை முன்கூட்டியே நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அறிமுகப்படுத்திவிடலாம் என்பதுதான் இப்போது சோதிக்கப்படும் தடுப்பூசியின் அடிப்படை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் உருவாக்கிய தடுப்பூசியை வைத்து 22 நோயாளிகளிடம் நடந்த தொடக்கச் சோதனையில் எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டதை 2020இல் வெளியிட்டார்கள். 209 துண்டுகளைக் கொண்ட நௌஸ்-209 என்ற தடுப்பூசியை அமெரிக்காவில் லிஞ்ச் உள்ள, நலமாக இருப்பவர்களிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். இவை புற்றுநோயைத் தடுக்குமா என்பதைச் சொல்ல, காப்2க்குத் தேவைப்பட்டதைப் போலவே, ஆண்டுகள் வேண்டும்.

இந்த நம்பிக்கையை விற்பவர்களும் இருக்கிறார்கள். லிஞ்ச் குடும்பங்களுக்கான தடுப்பூசிச் சோதனையில் இடம் பிடித்துத் தருவதாக ஒருவர் சித்தப்பாவிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டார். அவரும் கொடுக்கத் தயாராக இருந்தார். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் ஐசிஎம்ஆர் நடத்தும் சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். சோதிக்கப்படும் மருந்துக்குப் பங்கேற்பவரிடம் பணம் கேட்கக் கூடாது, புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும், பங்கேற்றதால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. அந்த மனிதரிடம் பதிவு எண்ணைக் கேட்டோம். தருகிறேன் என்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. சித்தப்பா அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, தங்கைக்கு அவளுடைய முதல் கொலனோஸ்கோபியைச் செய்ய வைத்தார்.